வண்டிப் பாதையில் டிராக்டர் போகலாமா? அரசியலமைப்பை வாசிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாட்களில் கோர்ட்டு. ஞாயிறு காலையில் பாளையங்கோட்டையில் குரூப் 2, குரூப் 4 எழுதப் போகும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பு வகுப்பு. எட்டு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. பிள்ளைகள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறவில்லை. வகுப்பு முடிந்து டீக்கடைக்குப் போனால் அங்கே பேப்பர் படிக்கும் பெரியவரும் அதையேதான் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க முடியவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதிலில் கோணல் இருந்தால் அது என்னுடையது.

சார், சட்டப் புத்தகந்தான் தமிழ்லயே அச்சாகிக் கெடக்கே. எழுத்துக் கூட்டிப் படிச்சா முடிஞ்சு போச்சு. அதுக்கு விளக்கம் சொல்ல எதுக்கு அஞ்சு நீதிபதி, ஒம்பது நீதிபதி?

முன்னீர்ப்பள்ளம் பக்கத்தில் ஒரு கிராமம். 1954-இல் எழுதிய ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் என் கைக்கு வந்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் வயலைப் பிரித்துக்கொண்டபோது, உள்ளே இருக்கும் தம்பி வயலுக்குப் போக அண்ணன் பங்கில் ‘மாட்டு வண்டி போக வர எட்டடி அகலப் பாதை’ என்று எழுதியிருந்தார்கள். ஐம்பது வருஷம் ஒரு சத்தமும் இல்லை. தம்பியின் பேரன் டிராக்டர் வாங்கினான். மறுநாள் காலையில் பாதைக்குக் குறுக்கே உடைமுள் கிடந்தது. “பத்திரத்துல மாட்டு வண்டின்னுதான இருக்கு? இதுல மாடு எங்க இருக்கு?” என்று கேட்டான் அண்ணனின் பேரன்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பத்திரத்தில் இருப்பதைத்தான் அவன் சொன்னான். பத்திரம் எழுதியவர்களுக்கு மாட்டுக்கு வழி விடுவது நோக்கமா, இல்லை உரம் உள்ளே போய் நெல் வெளியே வருவது நோக்கமா? எட்டடியில் யாருக்கும் சந்தேகம் இல்லை, டேப் பிடித்தால் தெரிந்துவிடும். சண்டை முழுக்க ‘வண்டி’ என்ற சொல்லில். அரசியலமைப்பிலும் இந்த இரண்டு வகைச் சொற்களும் உண்டு. குடியரசுத் தலைவருக்கு 35 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது எட்டடி. உயிர், சமத்துவம், நியாயமான கட்டுப்பாடு என்பதெல்லாம் வண்டி. நீதிபதிகள் கூட்டமாக உட்காருவது இரண்டாவது வகைக்குத்தான்.

இறுக்கமா வாசிக்கது, தளர்வா வாசிக்கதுன்னு சொல்லுதீங்களே, ஒரே பிரிவை வச்சுக் காட்ட முடியுமா?

21-ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அல்லாமல் ஒருவருடைய உயிரையோ தனிமனிதச் சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது. இவ்வளவுதான், ஒரே வாக்கியம். 1950-இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தடுப்புக் காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தரப்பு சென்னை மாகாண அரசு. சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. அதில் நடைமுறை சொல்லியிருக்கிறதா? சொல்லியிருக்கிறது. அந்த நடைமுறை நியாயமானதுதானா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நீதிபதி ஃபஸல் அலி மட்டும் இதை ஏற்கவில்லை. இது இறுக்கமான வாசிப்பு.

1977-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு முடக்கியது. காரணம் கேட்டால் சொல்ல மாட்டோம் என்றது. 1978-இல் தீர்ப்பு வந்தபோது அதே வாக்கியத்துக்கு வேறு பொருள் கிடைத்தது. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அப்புறம் மடை திறந்த மாதிரிதான். 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்பும் உயிருக்குள் வந்தது. 1991-இல் மாசில்லாத தண்ணீரும் காற்றும் வந்தன. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமையையும் சேர்த்தார்கள். ‘அந்தரங்கம்’ என்ற சொல் அரசியலமைப்பின் உரிமைப் பிரிவுகளில் எங்கும் கிடையாது. 21-இன் வாசகமோ 1950-இல் இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது.

எழுதுனவங்க மனசுல என்ன இருந்துச்சோ அதையே எடுத்துக்கிட்டா தகராறே இல்லையே?

நல்ல யோசனை. ஆனால் மனசு ஒன்றாக இருந்திருக்க வேண்டுமே. 21-இலேயே பாருங்கள். அமெரிக்காவில் இருப்பது போல, சட்டம் நியாயமானதா என்று நீதிமன்றம் அளந்து பார்க்க இடம் கொடுக்கும் சொற்றொடரைப் போடலாமா என்று அரசியல் நிர்ணய சபையில் பெரிய விவாதம் நடந்தது. சபையின் ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் அங்கே நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரைப் பார்த்தார். வேண்டாம் என்ற ஆலோசனையோடு திரும்பினார். சபையில் அம்பேத்கர் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லி முடிவை உறுப்பினர்களிடம் விட்டார். கடைசியில் ‘சட்டம் நிறுவிய நடைமுறை’ என்பதே நின்றது.

இதில் நான் மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. எழுதியவர்களின் நோக்கம்தான் அளவுகோல் என்றால் கோபாலன் தீர்ப்புதான் சரி, மேனகா தீர்ப்பு தப்பு. வேண்டாம் என்று தெரிந்தே ஒதுக்கியதை நீதிமன்றம் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தது. எனக்கு மேனகா தீர்ப்பு பிடிக்கும். ஆனால் அது முன்னோர் மனசில் இருந்தது என்று சொல்லி அதற்கு வக்காலத்து வாங்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. 1949 நவம்பர் 25 அன்று பேசிய கடைசிப் பெரிய உரையில், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைக் கட்டிப்போட முடியாது என்ற ஜெஃபர்சனின் கருத்தை அம்பேத்கரே எடுத்துக்காட்டினார். எழுதியவர் மனசுப்படி நட என்றால், அவர் மனசே என்னைப் பிடித்துத் தொங்காதே என்கிறது.

காலம் மாறினா திருத்திட்டுப் போக வேண்டியதுதானே? நூத்துக்கு மேல திருத்தியாச்சுன்னு நீங்கதான் மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க.

2023 வரை 106 திருத்தங்கள். ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். சில விஷயங்களுக்குப் பாதி மாநிலங்களின் சம்மதமும் வேண்டும். முதல் திருத்தத்துக்கு வழி போட்டதே நம் மாகாணம்தான். கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பிரித்த சென்னை அரசின் கம்யூனல் ஜி.ஓ.வை, சமத்துவப் பிரிவுகளை எழுத்துப்படி வாசித்து 1951-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதுதான் செண்பகம் துரைராஜன் வழக்கு. இங்கே கொந்தளிப்பு கிளம்பியது. அதே வருஷம், பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) சேர்ந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்குச் சொத்துரிமை குறுக்கே வராதபடி காப்பும் அதே திருத்தத்தில் கிடைத்தது.

மறுபடி வண்டிப் பாதைக்கு வருவோம். முன்சீப் கோர்ட்டில் டிராக்டர் போகலாம் என்று ஆனது. அப்புறம் நெல் அறுவடை மிஷின் வந்தது. அது எட்டடிக்குள் அடங்கவில்லை. ‘வண்டி’க்கு எவ்வளவு தாராளமாகப் பொருள் சொன்னாலும் எட்டைப் பத்தாக்க முடியாதே. கடைசியில் இரண்டடி நிலத்தை விலைக்கு வாங்கி, சார்பதிவாளர் ஆபீசில் புதுப் பத்திரம் பதிந்தார்கள். திருத்தம் என்பது அதுதான். எது வாசிப்பில் தீரும், எதற்குப் புதுப் பத்திரம் வேண்டும் என்பதில்தான் பாதி வழக்குகள் ஓடுகின்றன.

அப்போ நாடாளுமன்றம் எதை வேணும்னாலும் திருத்தலாமா? ‘அடிப்படைக் கட்டமைப்பு’ன்னு சொல்லுதாங்களே, அது எந்தப் பிரிவுல இருக்கு?

எந்தப் பிரிவிலும் இல்லை. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து 7-க்கு 6 என்று சொன்ன தீர்ப்பில் இருக்கிறது. வழக்குப் போட்டவர் காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் தலைவர். வழக்கு கேரள நிலச் சீர்திருத்தத்தில் ஆரம்பித்தது. நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அரசியலமைப்பின் அடிப்படையையே இடித்துவிடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் இந்தப் பாடமே உங்கள் சிலபஸில் இருக்காது.

எழுத்துப்படி வாசிப்பவர்களுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். திருத்தும் முறையைச் சொல்லும் பிரிவு 368-இல் அப்படி ஒரு வரம்பு எழுதப்படவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் இரண்டே வருஷத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். நெருக்கடி நிலையின்போது, பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 39-ஆவது திருத்தம் வந்தது. 1975 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை வெட்டியெறிய இந்தக் கோட்பாடுதான் கைகொடுத்தது. வாசகத்தில் இல்லாத ஒன்றை நீதிமன்றம் கண்டுபிடித்ததில் எனக்கு மனம் முழுசாக ஒப்பாத இடமும் இதுதான், விட்டுக்கொடுக்க மனம் வராத இடமும் இதுதான்.

அமெரிக்காவுல எழுதுன காலத்துப் பொருளைத்தான் எடுக்கணும்னு பெரிய கூட்டமே இருக்காமே?

இருக்கிறது, உச்ச நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 1787-இல் எழுதிய ஆவணத்தில் இதுவரை 27 திருத்தங்கள்தான். நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும் என்பதால் புதுப் பத்திரம் போடுவது அங்கே குதிரைக்கொம்பு. எனவே சண்டை எல்லாம் வாசிப்பிலேயே நடக்கிறது. 1973-இல் கொடுத்த கருக்கலைப்பு உரிமையை 2022-இல் திரும்ப எடுத்தது அந்தப் பார்வையால்தான். நம்மிடம் திருத்தும் கதவு அகலம். அவர்கள் சண்டையை அப்படியே இறக்குமதி செய்து பேசினால் பாதி பொருந்தாது.

இதெல்லாம் டெல்லி சமாச்சாரம் அண்ணாச்சி. நம்ம ஊருக்கு இதுல என்ன வந்துச்சு?

கூடங்குளம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? அணுஉலையை எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றத்தில் காட்டியது மேலே சொன்ன அதே 21-ஐத்தான். 1950 வாசிப்பே நீடித்திருந்தால் அந்த வாதத்தைக் கேட்கவே ஆள் இருந்திருக்காது. நீதிமன்றம் கேட்டது, எடை போட்டது, 2013 மே மாதம் பல பாதுகாப்பு உத்தரவுகளோடு உலை ஓடலாம் என்றது. கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பதை மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலமாகத் தடுத்தது, 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. பம்பாய் நடைபாதைவாசிகளுக்கும் பிழைப்புரிமை உண்டு என்ற தீர்ப்பு கிடைத்ததே தவிர நடைபாதை கிடைக்கவில்லை. தளர்வான வாசிப்பு கதவைத் திறந்துவிடும். உள்ளே இலை போட்டு வைத்திருப்பார்கள் என்று நம்பிப் போகக் கூடாது.

வ.உ.சி. மேல போட்ட ராஜத்துரோகச் சட்டம் சுதந்திரத்துக்கு அப்புறமும் எப்படி உசுரோட இருந்துச்சு?

1908-இல் நம் திருநெல்வேலியில்தான் விசாரணை நடந்தது, நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 124ஏ. அரசின் மீது வெறுப்பை உண்டாக்கும் பேச்சு எல்லாமே குற்றம் என்பது அதன் வாசகம். பேச்சுரிமை கொடுத்த 19-ஆவது பிரிவோடு இது ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது. 1962-இல் கேதார்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சமரசம் செய்தது. வன்முறையையோ பொது அமைதிக் குலைவையோ தூண்டினால் மட்டும்தான் குற்றம் என்று சுருக்கி வாசித்து, பிரிவைக் காப்பாற்றிவிட்டது.

என் கணக்கில் இது கெட்டிக்காரத்தனம் தவறிப்போன இடம். புத்தகத்தில் இருப்பது பழைய வாசகம், சுருக்கிய பொருள் இருப்பது தீர்ப்புத் தொகுப்பில். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதுபவர் எதைப் புரட்டுவார்? நூறு வருஷம் கழித்து, வ.உ.சி.யை விசாரித்த அதே மாவட்டத்தில், கூடங்குளம் அணுஉலையை எதிர்த்த இடிந்தகரைப் போராட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கானோர் மேல் அதே 124ஏ பாய்ந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. 152 என்ற எண்ணில் அதன் சாயல் இருக்கிறது. வண்டி என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லலாம். பாதையே தப்பான இடத்தில் போகிறது என்றால் அடைத்துவிட வேண்டும்.

அப்போ தளர்வா வாசிச்சா ஜனங்களுக்கு நல்லது, இறுக்கமா வாசிச்சா கெட்டதுன்னு எழுதிக்கலாமா?

எழுத வேண்டாம். நீதிபதிகளை நியமிக்கும்போது குடியரசுத் தலைவர் இந்தியத் தலைமை நீதிபதியைக் ‘கலந்தாலோசித்து’ச் செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 124. கலந்தாலோசிப்பது என்றால் ஒப்புதல் வாங்குவது அல்ல என்று 1981-இல் நீதிமன்றமே சொன்னது. 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அதை மாற்றி, தலைமை நீதிபதி தரப்பின் கருத்துதான் மேலோங்கும் என்றார்கள். நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் பிறந்தது. நாடாளுமன்றம் 99-ஆவது திருத்தத்தால் இதை மாற்றப் பார்த்தது, 2015-இல் நீதிமன்றம் அதையும் 4-க்கு 1 என்று அடித்தது. பொண்ணு பார்க்கப் போகையில் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது வேறு, தாய்மாமன் தலையாட்டாமல் கல்யாணமே இல்லை என்பது வேறு. அரசாங்கம் மட்டும் நியமித்தால் என்ன ஆகும் என்ற பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தளர்த்தியவர்கள் கைக்கே அதிகாரம் போகும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

அம்பது சதவீதத்துக்கு மேல இடஒதுக்கீடு கூடாதுன்னு எந்தப் பிரிவு சொல்லுது?

முதலில் எழுதிய வாசகத்தில் எதுவும் இல்லை. 1962-இல் பாலாஜி வழக்கிலும், அப்புறம் உறுதியாக 1992-இல் மண்டல் வழக்கிலும் நீதிமன்றம் வைத்த எண் அது. ஒதுக்கீடு பாதிக்குக் குறைவான இடங்களுக்குள் நிற்க வேண்டும் என்று அம்பேத்கர் சபையில் பேசியதைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்கள். முன்னோர் மனசு பற்றி மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது அதை எடுப்பார்கள், தேவையில்லாதபோது பரணில் போடுவார்கள். 2000-இல் சேர்ந்த 16(4பி)-யில், நிரப்பாமல் கிடந்த இடங்களைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஐம்பது ஒரு தடவை தலைகாட்டுகிறது.

தமிழ்நாடு புதுப் பத்திரம் போட்டது. 69 சதவீதத்துக்கு 1993-இல் சட்டம், 1994-இல் 76-ஆவது திருத்தம் வழியாக, நீதிமன்றச் சோதனையிலிருந்து சட்டங்களைக் காக்க வைத்த ஒன்பதாம் அட்டவணையில் இடம். 2022-இல் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டு வழக்கில் தீர்ப்பு வந்தபோது, ஐம்பது என்பது வளையாத கோடு இல்லை என்று 3-க்கு 2 என்ற பெரும்பான்மை சொன்னது. வாசகத்தில் இல்லாத எட்டடியை நீதிமன்றமே வரைந்தால், பிற்பாடு அதை நீதிமன்றமே அழிக்கவும் செய்யும். எனவே நீதிமன்றம் எண் எழுதக் கூடாது, அது சட்டமன்றங்களின் வேலை என்பது என் கட்சி.

கொஸ்டின் பேப்பர்ல இதைக் கேட்டா என்ன எழுத?

கொள்குறி வினாவில் இந்தத் தகராறு வராது. 1973, 13 நீதிபதிகள், 7-க்கு 6. போதும்.

ஆளுநர் விஷயத்துல கோர்ட்டு ஏப்ரல்ல ஒண்ணு சொல்லுச்சு, நவம்பர்ல வேற சொல்லுச்சு. எது சார் சரி?

பிரிவு 200-இல், மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் ‘கூடிய விரைவில்’ அனுப்ப வேண்டும் என்றுதான் இருக்கிறது. எத்தனை நாள் என்று இல்லை. தமிழ்நாட்டு மசோதாக்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 2023 நவம்பரில் பேரவை பத்து மசோதாக்களை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பியது. 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடு வைத்து, அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றார்கள். குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின் கீழ் கருத்துக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், வாசகத்தில் இல்லாத கெடுவை நீதிமன்றம் எழுத முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் கிடையாது என்றார்கள். காரணம் சொல்லாமல் நீட்டிக்கொண்டே போனால் மட்டும், முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லலாம்.

எழுத்துப்படி பார்த்தால் நவம்பர். ஆனால் ‘கூடிய விரைவில்’ என்று எழுதியவர்கள் வருஷக்கணக்கை நினைத்திருக்க மாட்டார்கள் என்றும் யாரும் சொல்லிவிடுவார்கள். என்னைக் கேட்டால், நாள் கணக்கைப் போட நாடாளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவரலாம். கொண்டுவருமா என்று கேட்காதீர்கள்.

நமக்குப் பிடிச்ச தீர்ப்பு வந்தா ஒரு மாதிரி, பிடிக்காத தீர்ப்பு வந்தா ஒரு மாதிரின்னுதானே எல்லாரும் பேசுதோம்?

ஆமாம். ஏப்ரல் தீர்ப்பு வந்த ஞாயிறு வகுப்பில் நான் அதைக் கொண்டாடித்தான் பேசினேன். மூன்று மாதக் கெடு எவ்வளவு நியாயம் என்று போர்டில் எழுதிக் காட்டினேன். சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண், எப்போதும் கடைசி பெஞ்சு, நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். “சார், அம்பது சதவீதப் பாடத்துல கோர்ட்டு எட்டடி எழுதக் கூடாதுன்னு சொன்னீங்க. இது என்ன அடி?”

அன்றைக்கு வகுப்பைப் பத்து நிமிஷம் முன்னதாகவே முடித்துவிட்டேன்.